குணமானால் வழக்கு

என் கொழுந்தன் போலீஸ் ஒலிபெருக்கியை உடைத்த அன்று நான் வேலையில் இருந்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விடுதியில் வரவேற்பும் கணக்கும் பார்க்கிறேன். பௌர்ணமி என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அறை கேட்டு வருகிறவர்கள், அறை இல்லையென்றால் குளிக்க மட்டுமாவது விடுங்கள் என்கிறவர்கள், செருப்பை வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்கிறவர்கள். அந்த நெரிசலுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"தம்பிய போலீஸ்ல புடிச்சிக்கினு போய்ட்டாங்களாம். நான் திருப்பதியில இருக்கறன். நீ கொஞ்சம் போய்ப் பாரு."

அவர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் எது நடந்தாலும் அவர் திருப்பதியில் இருப்பார், இல்லையென்றால் பாண்டிச்சேரியில் இருப்பார். எங்கள் மகள் பிறந்தபோது கொடைக்கானலில் இருந்தார்.

கொழுந்தன் எங்களோடுதான் இருக்கிறான். அடி அண்ணாமலையில் என் அப்பா எனக்குக் கொடுத்த மனையில் கட்டிய வீடு. மாமனார், மாமியார் இருவரும் காலமாகிவிட்டார்கள். அவன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு டவுனில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான், யாரிடமும் வம்புக்குப் போகமாட்டான். ஒருநாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "கடைக்கு வர்ற போன் எல்லாத்துலயும் என்னப் பத்திதான் பேசுறாங்க அண்ணி" என்றான். டாக்டரிடம் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, சாப்பிட்டான். பிறகு அவனாகவே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

பௌர்ணமி அன்று எங்கள் ஊர்ப் பக்கம் கிரிவலப் பாதையோரம் போலீஸ்காரர்கள் ஒரு கொட்டகை போட்டு மைக் வைப்பார்கள். குழந்தை காணாமல்போனால் அறிவிப்பார்கள், நகை பத்திரம் என்பார்கள், இடதுபுறமாகச் செல்லவும் என்பார்கள். சாயங்காலம் முழுக்க அது வீட்டுக்குள்ளேயே கேட்கும். அன்று அந்த மைக்கில் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து போனான். ஒயர்களைப் பிடுங்கினான், ஆம்ப்ளிஃபையரைத் தூக்கித் தரையில் அடித்தான். தடுக்க வந்த ஊர்க்காவல் படைக்காரரின் கையில் மைக் கம்பி பட்டு எலும்பு விண்டுவிட்டது.

நான் ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனசு சரியில்லாத பையன், வைத்தியம் பார்த்திருக்கிறோம் என்றேன்.

"மனசு சரியில்லன்னு தெரியுது இல்ல? அப்ப ஏம்மா வெளிய வுட்டீங்க?" என்றார் எஸ்.ஐ.

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவர் கேட்டார். நாயைப் பற்றிக் கேட்கிற மாதிரியே கேட்பார்கள். முதலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது, பணியில் இருந்தவரைத் தாக்கியது என்று வழக்கு. ரிமாண்ட் செய்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த முறை கோர்ட்டில் நிறுத்தியபோது நீதிபதி அவன் பெயரைக் கேட்டார்.

"அதான் மைக்லயே சொல்லிட்டீங்களே. திரும்ப எதுக்குக் கேக்குறீங்க?" என்றான்.

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன கேஸ் என்று தெரியுமா என்றார். "உங்களுக்குத் தெரியாதா?" என்றான் அவன். மனநல மருத்துவர்கள் பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். கண்காணிப்பில் வைத்துப் பார்த்தார்கள். இப்போதைய மனநிலையில் இவரால் வழக்கைப் புரிந்துகொள்ளவோ தன் பக்கத்தைச் சொல்லவோ முடியாது என்று அறிக்கை வந்தது.

எங்களுக்கு இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீல் கொடுத்திருந்தார்கள். நல்ல மனிதர், ஆனால் நடந்துகொண்டேதான் பேசுவார். கோர்ட் வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடிக் கேட்டேன்: "அப்ப கேஸ் முடிஞ்சிதுங்களா?"

"முடியல. நிக்குது."

"எது வரைக்கும் நிக்கும்?"

"அவருக்குக் குணமாவுற வரைக்கும். குணமானா கேஸ் நடக்கும்."

"குணமாகலன்னா?"

"நிக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருந்தே வெளிநோயாளியாகப் பார்க்கலாம் என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அப்படிச் செய்ய வேண்டுமானால் சொந்தத்தில் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒழுங்காக வைத்தியத்துக்குக் கூட்டிப் போவேன், கூப்பிடுகிறபோதெல்லாம் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த வீடு இருப்பவர்களாக இருந்தால் நல்லது என்றார்கள். வீட்டு வரி ரசீது என் பெயரில்தான் இருந்தது.

கோர்ட் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா அவருக்கு?"

"அண்ணி."

"அண்ணியா? கூடப்பொறந்தவங்க யாரும் இல்லியா?"

"இருக்காரு. பெங்களூர் சவாரி போயிருக்காரு."

தனக்கோ பிறருக்கோ தீங்கு வராது. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. என் வீட்டுக்காரர் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற லட்சணத்துக்கு, அவரால் யாருக்கும் தீங்கு வராது என்று நான் எழுதிக் கொடுப்பேனா? இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். சிறையிலிருந்து வந்தவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இளைத்துப்போய், தலையை ஒட்ட வெட்டி, யாரோ கொடுத்த சட்டையில் இருந்தான். போடாமல் என்ன செய்வது?

அன்றிலிருந்து ஆரம்பித்தது. மனநல டாக்டர் அரசு ஆஸ்பத்திரியில் எல்லா நாளும் இருக்கமாட்டார். அவர் இருக்கிற கிழமையாகப் பார்த்துக் கோர்ட்டில் வாய்தா போடுவார்கள். வாய்தாவுக்குப் போனால், "டாக்டர் ரிப்போர்ட் எங்கே?" என்பார்கள். இன்று இங்கே வந்துவிட்டதால் அங்கே போக முடியவில்லை என்றால், அதை எழுதிக் கொடுங்கள் என்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தால்தான் ரிப்போர்ட் தரமுடியும் என்பார்கள். கோர்ட்டில் கேட்டால் போன வாரமே அனுப்பிவிட்டோம் என்பார்கள். அந்தக் கடிதம் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எங்கே தங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இரண்டு கட்டடத்துக்கும் இடையில் ஷேர் ஆட்டோவில் போய்வந்து, கடைசியில் கிளார்க்கிடம், "என் கையிலயே குடுங்க, நான் கொண்டுபோறேன்" என்றேன். அப்படிக் கொடுக்க விதி இல்லையாம்.

விடுதி முதலாளி நல்லவர் என்பதால் வேலை தப்பியது. அங்கே வந்து தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள், நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, உன் வீட்டுப் பையனுக்குக் கேட்பது மலையின் குரலாக இருக்கலாம், மருந்து கொடுத்து அதை மூடிவிடாதே என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னார். மலை எதற்காக இடதுபுறமாகச் செல்லவும் என்று சொல்லப் போகிறது என்று நாக்கு வரைக்கும் வந்தது. வெந்நீர் ஏழு மணிக்கு மேல் வராது என்று மட்டும் சொன்னேன்.

பௌர்ணமிதோறும் காலையில் ஒரு ஏட்டு வீட்டுக்கு வருவார். யூனிபார்மோடு கேட்டுக்கு வெளியே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பையன் உள்ளதான இருக்கான்?" என்பார்.

"இருக்காருங்க."

"இன்னிக்கி வெளிய வுடாதம்மா. கூட்டம் ஜாஸ்தி."

"கதவைப் பூட்டி வைக்கச் சொல்லி கோர்ட்ல சொல்லலீங்க."

"நான் சொல்லல. நீயா பூட்டிக்க."

கொழுந்தன் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். மாத்திரையால் கை லேசாக நடுங்கும், வாய் வறளும், உடம்பு ஊதியது. முதல் இரண்டு மாதம் எழுப்பினால் எழுவான், உட்கார வைத்தால் உட்காருவான். மூன்றாவது மாதம் ஒருநாள், அணைந்துபோயிருந்த என் பழைய போனை எடுத்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "பேட்டரி போச்சி அண்ணி. வேற ஒண்ணும் இல்ல" என்றான். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி பாசாங்கு செய்து உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு நன்றாகத்தான் தேறிவந்தான். கடைக்குப் போய் காய் வாங்கி வருவான். மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவான். குரல் கேட்கிறதா என்று டாக்டர் கேட்டால், "கேக்குது, ஆனா கம்மியா, பக்கத்து வீட்டு டிவி மாதிரி" என்பான். டாக்டர் சின்ன வயதுப் பெண். அந்தக் கூட்டத்திலும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவார். "அடுத்த தடவை இப்படியே இருந்தா, கேஸ் நடத்தலாம்னு எழுதிடலாம்" என்றார்.

நான் சந்தோஷமாக வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் அன்று அதிசயமாக வீட்டில் இருந்தார். சந்தோஷப்படவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டு வாசலில் நின்று நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்.

"கேஸ் நடந்தா ஜெயிலுக்கு அனுப்ப முடியுமாமே" என்றார்.

"அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம்னுதான வக்கீல் சொல்லியிருப்பாரு?"

"முடியுமா முடியாதா?"

"முடியும்."

அந்த மாதம் முழுக்கச் சவாரியைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். "ராத்திரி மாத்திரைய நானே குடுத்துடுறன், நீ அலைஞ்சிட்டு வர்ற, படு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும் என்று என் அக்கா சொல்கிறாள். ஓடி ஓடி உழைக்கிற ஒருத்தியிடம் படு என்று சொன்னால் படுப்பாளா, ஆராய்ச்சி செய்வாளா?

மூன்று வாரத்தில் கொழுந்தன் மாறினான். தூங்கவில்லை. ஷேவ் செய்துகொள்ளவில்லை. மகளுக்குக் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டான். டிவியை அணைத்த பிறகும் அதன் பின்னால் போய்ப் பார்த்தான். மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் போல என்று நான் நினைத்தேன். வாய்தாவுக்கு முந்தின நாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். அன்று காலை எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு டவுன் பக்கம் போனார். நான் கிரிவலப் பாதையில் நடந்தேன். வாயு லிங்கம் தாண்டி ஒரு புளிய மரத்தடியில் அவன் உட்கார்ந்திருந்தான். தாடியும், பரட்டைத் தலையும், மேலே சட்டையில்லாத உடம்புமாக. அவன் எதிரில் ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்திருந்தது. வெளியூர்க்காரர்கள், பார்த்தால் வசதியானவர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ, கற்பூரம் ஏற்றிய தடம். அந்த வீட்டுப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கொழுந்தன் அவர்களைப் பார்க்கவே இல்லை. மலையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது" என்றேன்.

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, சாமி ஏதோ வாக்கு சொல்லிக்கிட்டு இருக்காங்க. தொந்தரவு பண்ணாதீங்க."

"சாமி இல்லீங்க. என் கொழுந்தனாரு."

"சித்தர்களுக்கும் குடும்பம் இருந்திருக்கும்மா" என்றார் அவர், எனக்குப் புரியவைக்கிற குரலில்.

"இவருக்குக் கேஸும் இருக்குதுங்க. நாளைக்கு வாய்தா."

அதற்கும் அவர் அசையவில்லை. சித்தர்களை அரசாங்கம் என்றைக்குப் புரிந்துகொண்டது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் ஒருத்தன் சரியாக இருந்தால் போலீஸ் கேட்டில் நின்று பூட்டி வை என்கிறது. மோசமானால் பழமும் பூவும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த வாழைப்பழச் சீப்பை எடுத்து அந்தப் பெரியவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்க சுத்தி முடிங்க. மழை வர்ற மாதிரி இருக்குது" என்றேன்.

கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இழுத்தால் வரமாட்டான் என்று தெரியும். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்: "மாத்திர போட்டியா தம்பி?"

"இல்ல."

"என்னிலேர்ந்து?"

"அண்ணன் வேணாம்னாரு. கோர்ட் முடிஞ்சதும் போட்டுக்கலாம்னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "சொல்லிட்டேனா?" என்றான்.

வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவனைப் பார்த்ததுமே பேனாவை மூடிவிட்டார். மறுநாள் கோர்ட்டில் இன்னும் தயாரில்லை என்ற ரிப்போர்ட்டைக் கொடுத்தோம், வழக்கு மறுபடி நின்றது. வராந்தாவில் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கோர்ட் வாசல் என்றும் பார்க்கவில்லை.

"இன்னா காரியம் பண்ணீங்க?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா பேசணும்? சட்ட போடாம மரத்தடியில குந்திக்கினு இருந்தாரு. ஒரு லாரி வந்திருந்தா?"

"ஜெயில்ல அவன் எப்பிடி இருந்தான்னு நீ பார்க்கல. நான் பார்த்தேன். சுவத்தப் பார்த்துக்கினு நின்னான். என்னப் பார்த்துகூட திரும்பல. திரும்ப அங்க அனுப்புறதுக்கா குணமாக்கணும்? இப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். நான் வச்சிப் பார்த்துக்குறன்."

"நீங்களா? நீங்க திருப்பதியிலேர்ந்து பார்த்துக்குவீங்களா?"

அவர் கண் கலங்கிவிட்டது. நான் அதைப் பார்த்தும் விடவில்லை. தம்பி மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாசம் செய்த வேலையைப் பாருங்கள். ஒருவன் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவனை அவன் தலைக்குள்ளேயே அடைத்துவைப்பது. அதை அவரிடம் சொன்னபோது இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை, நிறையத் திட்டினேன். போகிற வருகிற வக்கீல்கள் எல்லாம் நின்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. இந்த மாதிரி வழக்கில் வருகிற குடும்பங்களில் இந்தப் பயம் சகஜம் என்றார். மறுபடி மாத்திரையை ஆரம்பித்து, கொஞ்சம் தெளிந்த பிறகு, மாதம் ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, தினமும் மாத்திரை கொடுக்க வேண்டாம், அதற்கு மாறலாமா என்று கேட்டார். என்னையும் என் வீட்டுக்காரரையும் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது கொழுந்தன்.

"ஊசியே போட்ருங்க மேடம். மாத்திரன்னா இவங்க ரெண்டு பேரும் சண்ட போடுவாங்க."

அவனே முடிவு செய்து சொன்ன முதல் விஷயம் அது. அண்ணன் அவனைத் தனியாகக் கூட்டிப்போய், குணமானால் கேஸ் நடக்கும், தண்டனைகூட வரலாம் என்று விளக்கினார். எனக்கும் கேட்கிற தூரம்தான்.

"தெரியும்ணா" என்றான். "ஆனா ஒவ்வொரு வாட்டியும் கோர்ட்ல எல்லாரும் அண்ணியத்தான் கேக்குறாங்க, எப்பிடி இருக்கான்னு. நான் அங்கயே நிக்கிறேன். என்னக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?"

தெளிந்து வர அரை வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நீதிபதி மாறிவிட்டார். புதியவர் வந்த முதல் நாள், "நீங்க யாரும்மா?" என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். கடைசியில் டாக்டர் அவனை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். உன் மேல் என்ன வழக்கு? சொன்னான். நீதிபதி என்ன செய்வார்? சொன்னான். வக்கீல் யாருக்காகப் பேசுவார்?

"எனக்காகத்தான் மேடம். ஆனா என் பேச்ச கேக்க மாட்டாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று எழுதினார். எனக்கு அது பரீட்சையில் பாஸானது போலவும் இருந்தது, வாரண்ட் வந்தது போலவும் இருந்தது. எந்த வீட்டிலாவது நோய் குணமான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அழுவார்களா? என் வீட்டுக்காரர் அழுதார்.

சாட்சி சொல்ல ஊர்க்காவல் படைக்காரர் வந்திருந்தார். கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் நின்றிருந்த கொழுந்தன் திடீரென்று, "கை இப்ப எப்பிடி இருக்குதுங்க?" என்றான். சாட்சியிடம் பேசக் கூடாது என்று நீதிபதி அதட்டினார். ஆனால் அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டு, "மழ காலத்துல வலிக்கும்பா, மத்தபடி பரவால்ல" என்று பதில் சொன்னார். நீதிபதி இருவரையும் அதட்டினார்.

வக்கீலின் திட்டம் எளிமையானது. கேள்வி கேட்டால் தெரியாது, ஞாபகமில்லை என்று சொல்லிவிட வேண்டும், மற்றதை டாக்டரின் சாட்சியை வைத்து அவர் பார்த்துக்கொள்வார். வராந்தாவில் நடந்துகொண்டே பத்து தடவை சொல்லிக் கொடுத்தார். கொழுந்தனும் தலையை ஆட்டினான். நீதிபதி, ஒலிபெருக்கியை உடைத்ததாகச் சாட்சிகள் சொல்கிறார்களே, என்ன சொல்கிறாய் என்றார்.

"ஆமாங்கய்யா. நான்தான் உடைச்சேன்."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஏன்?"

"அதுல என் பேர சொல்லித் திட்டிக்கினே இருந்தாங்கய்யா. அப்பிடி யாரும் சொல்லலன்னு இப்ப தெரியுது. ஆனா அன்னிக்கி சொன்னாங்க. நிறுத்துங்கன்னு கேட்டேன், நிறுத்தல. அவரு கையில அடிக்கணும்னு போவல. நடுவுல வந்துட்டாரு."

நீதிபதி அவன் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். வக்கீல் வெளியே வந்து பத்து நிமிடம் எங்களைத் திட்டினார். எல்லாம் போச்சு, இனி நான் என்ன வாதாடுவது என்றார். பின்னாளில் அந்தப் பதிலையே வைத்துத்தான் வாதாடினார். வாதம் முடிந்து இறங்கும்போது, நல்லவேளை உண்மையைச் சொன்னார் என்றார். யோசனை தன்னுடையது என்கிற மாதிரிதான் சொன்னார்.

தீர்ப்பு வந்தது. செயலைச் செய்தது இவர்தான், ஆனால் அப்போது மனநோயால் தான் செய்வது இன்னதென்று அறியும் நிலையில் இல்லை, ஆகவே விடுதலை. என் வீட்டுக்காரர் விடுதலை என்ற சொல் வரைக்கும்தான் கேட்டார். கும்பிட்டுவிட்டு வெளியே ஓடி, யார் யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளேயே நின்றேன். தீர்ப்பு இன்னும் முடியவில்லை. இந்தக் காரணத்துக்காக விடுதலையானவரைச் சும்மா அனுப்பிவிட முடியாதாம். வைத்தியம் தொடர வேண்டும், தனக்கோ பிறருக்கோ தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதாக உறவினர் யாராவது எழுதிக் கொடுத்துக் கூட்டிப்போக வேண்டுமாம்.

"குத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க இல்ல அண்ணி?" என்றான் கொழுந்தன். "அப்ப எதுக்கு யாரோ கையெழுத்து போடணும்?"

வக்கீலைப் பார்த்தேன். சட்டம் அப்படி என்றார்.

"நான் போடுறேன். எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்" என்றான் கொழுந்தன்.

"அது செல்லாதுப்பா."

"இன்னும் எத்தினி நாளு?"

வக்கீல் இந்தத் தடவை நடக்கவில்லை. நின்றார். மனு போட்டுப் பார்க்கலாம், டாக்டர் எழுதித் தந்தால் கொஞ்ச நாளில் இந்த நிபந்தனையை ரத்து செய்யச் சொல்லலாம் என்றார். கொழுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. குணமாவதற்கு அவன் பட்ட பாட்டையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். தவறு செய்தேன் என்று கூண்டில் நின்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தன்னைத் தானே வீட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி இல்லை. அவனைவிட எனக்குத்தான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? கிளார்க் ஏற்கெனவே காகிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டிருந்தார்.

"நான் போடல" என்றேன்.

கிளார்க் நிமிர்ந்தார். "அப்ப அவர யாரு கூட்டிக்கினு போவாங்க?"

வாசலுக்குப் போய், போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தேன். "உள்ள வாங்க. உங்க தம்பிக்கு நீங்க கையெழுத்து போடுங்க" என்றேன். நாளைக்கு மதுரை சவாரி இருக்கிறதே என்றார். கையெழுத்து இன்றைக்குத்தான் என்றேன். வந்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். தனக்கோ பிறருக்கோ என்ற இடத்தில் நின்று, "இத எப்பிடிம்மா நாம சொல்ல முடியும்?" என்று என்னைக் கேட்டார்.

"அதத்தான் நான் ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். போடுங்க."

போட்டார்.

வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கொழுந்தன் எங்களோடு பேசவில்லை. பசிக்கிறது, பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தான். வண்டி இருக்கிறது, ஏறு என்று அண்ணன் கூப்பிட்டார். தனியாகப் போகாதே என்று நானும் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இப்போதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் பதறிப்போய், "இன்னாடி இவன், கூப்பிட்டா திரும்ப மாட்றான்? மறுபடி ஏதாவது கேக்குதா அவனுக்கு?" என்றார்.

எனக்குச் சலிப்பாக இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு எப்போதுமே கிடையாது. நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். "நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோவம்" என்றேன். நாங்கள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவன் பின்னால் நடந்தோம்.